28 வயசுல சுகரா? பதற்றம் வேண்டாம்... முதல் 90 நாள்தான் முக்கியம்!

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் மெயிலில் வரும். ஹெச்.பி.ஏ.1.சி 7.8 என்று இருக்கும். உடனே கூகுள். அடுத்த அரை மணி நேரத்தில் கண், கிட்னி, கால் என எல்லாம் போய்விடும் என்கிற அளவுக்குப் படித்து முடித்திருப்போம். அதற்கடுத்து, `இப்போதைக்கு வீட்ல சொல்ல வேணாம், ஒரு மாசம் டயட் இருந்து பார்ப்போம்' என்று ஒரு முடிவு. அந்த ஒரு மாசம்தான் பலருக்கு ஒரு வருஷமாக நீள்கிறது.

நீங்கள் தனி ஆள் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர்.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த நாள்களில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்ததோ, அதற்கேற்ப ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அதை அளப்பதுதான் ஹெச்.பி.ஏ.1.சி. அதாவது, கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி. நேற்று சாப்பிட்ட பிரியாணியை மட்டும் வைத்து இது ஏறாது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்தாலும் இறங்காது.

5.7 முதல் 6.4 வரை என்றால் ப்ரீ டயாபட்டீஸ். 6.5-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால், இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதிப்படுத்துவார்கள். நீங்கள் இன்று செய்யும் மாற்றத்தின் முழுப் பலனும் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று மாதமாகும். 90 நாள் கணக்கு அதனால்தான்.

`அப்புறம் பார்த்துக்கலாம்' ஏன் ஆபத்து?

பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ் என்ற ஆய்வு, டைப் 2 புதிதாகக் கண்டறியப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்து வருடங்கள் கழித்தும் மாரடைப்பும் உயிரிழப்பும் குறைவாக இருந்தன. இத்தனைக்கும் ஆய்வு முடிந்த கொஞ்ச நாளிலேயே இரு தரப்பினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆரம்பத்தில் எடுக்கும் அக்கறையை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

28 வயதில் வந்த சுகரோடு இன்னும் 40, 50 வருஷம் வாழ வேண்டியிருக்கிறது. அதனால் இது இன்னும் முக்கியம்.

மாத்திரை ஆரம்பிச்சா விட முடியாதா?

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலும் முதலில் தருவது மெட்ஃபார்மின். இது பழக்கமாகிற மருந்து இல்லை. ஆரம்பத்தில் சிலருக்கு வயிறு கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். தொந்தரவு நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸையோ மாத்திரையின் வகையையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை நன்றாகக் குறைந்த சிலருக்கு மாத்திரையே தேவைப்படாத நிலையும் வரலாம். ஆனால், அப்போதும் டெஸ்ட் தொடர வேண்டும். செலவுதான் கவலை என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசம்.

தட்டுல என்ன மாத்தணும்?

சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி சாப்பிட்டால் கணக்கு பெரிதாக மாறாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம், மீதி கால் பங்கு சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால், சர்க்கரை மெதுவாக ஏறும்.

ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மொத்தம் எட்டு ஸ்பூன். முதலில் குறைக்க ஈஸியான இடம் இதுதான்.

சாப்பிட்டதும் ரீல்ஸ் பார்க்க உட்காராமல் 10, 15 நிமிஷம் நடங்கள். வேலை செய்யும் தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை இலக்கு.

இந்த டெஸ்ட்டுகளையும் விடாதீங்க

டைப் 2 சத்தமில்லாமல் சில வருஷம் உடம்பில் இருந்திருக்கலாம். அதனால் இப்போதே கண் விழித்திரை, பாதம், சிறுநீரில் ஆல்புமின், ரத்தக் கொழுப்பு, பி.பி. எல்லாம் பார்த்துவிட வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் பார்வையைத் தொடாது.

வீட்ல எப்படிச் சொல்றது?

`கல்யாணம் தள்ளிப்போயிடுமோ', `அம்மா அழுவாங்களே' என்று மறைப்பவர்கள் நிறைய பேர். ஆனால், மறைத்தால் மாத்திரையையும் ஒளித்துத்தான் போட வேண்டும். விருந்தில் ரெண்டாவது ஜாங்கிரியை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்காது. சொல்லிவிட்டால் வீட்டுச் சமையலே மாறும். அது, சுகர் வர வாய்ப்புள்ள தம்பி, தங்கைக்கும் நல்லது.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். கருவின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். அப்போது சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எனவே, குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதைச் செய்வது கஷ்டம்.

இப்போதே போனில் இன்றிலிருந்து 90-வது நாளுக்கு `ஹெச்.பி.ஏ.1.சி டெஸ்ட்' என்று ஒரு ரிமைண்டர் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 7-க்குக் கீழே. உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, அந்த நம்பரையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.