மனையோடு சேர்ந்து வரும் நிபந்தனைகள்

வீடு கட்டுவதற்காகத் தமிழ்நாட்டில் காலி மனை வாங்கும் பலர், வில்லங்கச் சான்றில் அடமானமோ நீதிமன்றப் பற்றுகையோ இல்லை என்று கண்டதும், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டதாகக் கருதி முன்பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். வில்லங்கச் சான்று (இ.சி.) என்பது ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியலே தவிர, அவற்றின் முழு வாசகம் அன்று. முந்தைய உரிமையாளர் தம் நிலத்தைக் கூறுபோட்டு விற்றபோது, கிழக்கு ஓரத்தில் பத்தடியைப் பின்மனைக்கு வழியாக விட வேண்டும் என்றோ, பொதுக் கிணற்றைத் தூர்க்கக் கூடாது என்றோ, கடை கட்டக் கூடாது என்றோ எழுதியிருந்தால், அது பழைய கிரயப்பத்திரத்தின் நடுப்பக்கத்தில்தான் கிடக்கும்; பட்டாவிலும் அது தென்படாது.

பத்திரத்தில் எழுதியதெல்லாம் செல்லும் என்பதில்லை. முழு உரிமையோடு விற்ற நிலத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதிப்பது, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் விற்றவர் தமக்கென வைத்துக்கொண்ட மற்றொரு நிலத்தின் நலனுக்காக விதித்த கட்டுப்பாடு அதற்கு விலக்காகும். அத்தகைய கட்டுப்பாடு, அதனை அறிந்து வாங்கிய அடுத்தவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது 40-ஆம் பிரிவு. ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பவும் இயலாது. பதிவான ஆவணத்தை அறிந்தவராகவே வாங்குபவரைச் சட்டம் கொள்வதோடு, வேண்டுமென்றே விசாரிக்காமல் இருந்ததையும் அறிந்ததற்குச் சமமாகவே 3-ஆம் பிரிவு கருதுகிறது.

ஆகவே குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, உரிய சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறையின் இணையதளத்திலோ கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் பெற வேண்டும். விற்பவர் நீட்டும் ஒளிநகல் போதாது, ஏனெனில் அதில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. தாய்ப்பத்திரம், அதாவது இந்த மனை பிரிந்து வந்த மூல நிலத்தின் பத்திரம், சொத்து விவரம் மட்டுமன்றி முதல் வரியிலிருந்து படிக்கப்பட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் வழியுரிமையும் நீர்உரிமையும் அடிக்கடி இடம்பெறுவதால் அவற்றை இருமுறை படிப்பது தகும். நகல் கேட்பவரிடம் ‘இ.சி. சுத்தமாக இருக்கிறதே, நகல் எதற்கு’ என்று அலுவலக வாசலில் சொல்லி அனுப்புவது பொறுப்பற்ற செயல். அதைக் கேட்டுத் திரும்புவதும் அவ்வாறே. பின்னர் நிலஅளவை வரைபடத்துடன் மனைக்கு நேரில் சென்று, அதன் குறுக்கே யார் நடக்கிறார்கள், எவருடைய நீர் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும்.

அரசு ஒப்படை செய்த நிலம் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதன்பின்னும் அம்மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை மீறிய கிரயத்தைப் பதிவு அலுவலகம் பதிந்திருந்தாலும் உரிமை உறுதிப்படாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டின் பகர்ப்பையும், ஒப்படை ஆணையின் நகலையும் பெறாமல் இவ்வகை நிலத்தை அணுகக் கூடாது.

நிபந்தனை தெரிய வந்தபின் அதை நீக்க ஒரே நேரான வழி, அதனால் பயன்பெறுபவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தருவதாகும். வாய்ச்சம்மதம் அவருடைய வாரிசுகளைக் கட்டுப்படுத்தாது. அதற்கு அவர் இசையாவிட்டால், மனையை விட்டுவிடுவதோ, கட்டட வரைபடத்தை நிபந்தனைக்கு ஏற்ப மாற்றுவதோ நல்லது. மீறிக் கட்டினால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை மட்டுமன்றி, கட்டியதை இடிக்கச் சொல்லும் ஆணையையும் அண்டை மனைக்காரர் கோரலாம். விற்றவர் மறைத்துவிட்டார் என்று வழக்காடுவோருக்கும் ஒரு தடை உண்டு: சாதாரணக் கவனத்தோடு கண்டறிய முடியாத குறைகளைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, பதிவான பத்திரத்தைப் படித்தால் தெரிந்திருக்கக்கூடிய நிபந்தனையை அவ்வகையில் சேர்ப்பது எளிதன்று. நகல் கைக்கு வந்து, கடைசிப் பக்கம் வரை படித்து முடியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.