ராஸ்வெல் நகரின் பறக்கும் தட்டு

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகருக்கு, க்ஷேத்திராடனம் செல்வோரைப்போல் ஜனங்கள் இன்றும் வந்துகொண்டிருப்பதற்கு மூலகாரணம், பறக்கும் தட்டு ஒன்று தங்கள் வசமாயிற்று என்று அவ்வூர் ராணுவ விமானத்தளத்தார் 1947 ஜூலை 8ஆம் நாள் விடுத்த அறிவிப்பேயாகும். சில மணி நேரத்திற்குள்ளாகவே அது வெறும் வானிலை பலூன் என்று திருத்தப்பட்டது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியலைகளை மேல்வானத்தில் உற்றறியும் பொருட்டு அதிரகசியமாகப் பறக்கவிடப்பட்ட ‘மோகல்’ திட்டத்துப் பலூன்களின் சிதைவாகவே அது இருத்தல் கூடும் என்ற விளக்கமோ, 1994ஆம் ஆண்டில்தான் விமானப்படையின் அறிக்கை வாயிலாகக் கிட்டியது. அந்த நீண்ட மௌனமே அயல்கிரகவாசிகள் பற்றிய அமானுஷ்ய நம்பிக்கைக்கு நீர் வார்த்தது என்பது என் திடமான அபிப்பிராயம். ராஸ்வெலின் பழைய திரையரங்கக் கட்டடமொன்றில் பறக்கும் தட்டுகளுக்கெனவே ஓர் அருங்காட்சியகம் நடைபெறுகிறது. வெளியே, அயல்கிரகவாசியின் முகம் தீட்டிய தெருவிளக்குகள், அகன்ற கருவிழிகளோடு இரவெல்லாம் ஒளிர்கின்றன.