கெட்டிமேளம் அறியாத மோட்டார்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் பிராகாரத்தில் வருடம் முழுவதும் கல்யாணம்தான். 60 வயது நிறைந்தவர்களுக்கு மணிவிழா, 70க்குப் பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம். கலச நீரில் நனைந்து புத்தாடை மாற்றிய தம்பதி மனையில் உட்கார்ந்திருப்பார்கள். தாலி கழுத்தருகே போகும்போது யாரோ கையை உயர்த்தி ஆட்டுவார். தவில்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவுவார். முடிச்சு விழத் தாமதமானால் மேளமும் நீளும்.

பல சிறு கோயில்களில் இன்று தீபாராதனைக்கு மேளம் அடிப்பது மோட்டார். ஸ்விட்சைப் போட்டால் தண்டு சுழல்கிறது. அதில் பொருத்திய முட்டுகள் சுற்றுக்குச் சுற்று கோல்களைத் தூக்கிவிட, முரசும் சேகண்டியும் மணியும் சீராக ஒலிக்கின்றன. நம் கிராமங்களுக்கு முதலில் வந்த ரோபோக்களில் இதுவும் ஒன்று என்பேன். தவில்காரரின் வேலையில் எண்ணி அடிக்கக்கூடியதை மட்டும் அது எடுத்துக்கொண்டது. கண்ணால் பார்த்து மாற்றுவதை விட்டுவிட்டது. அது போதும் என்று நாமும் இருந்துவிட்டோம்.

வயலிலும் இதே கதை. கை நடவில், பெண்கள் சேற்றில் கால் புதையக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடி நடுவார்கள். குத்துக்கு எத்தனை நாற்று என்பதை விரலே முடிவு செய்யும். அந்த விரலை இரும்பில் செய்வது லேசில்லை. அறிவுத் தேர்வும் செக்கர்ஸ் ஆட்டமும் கணினிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தையின் புலனுணர்வும் நடமாட்டமும்தான் கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இல் எழுதினார். 1997இல் டீப் புளூ கணினி சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தது. நாற்று நட வந்த இயந்திரமோ விரலைப் போலச் செய்ய முயலவே இல்லை, நாற்றங்காலையே மாற்றிவிட்டார்கள். தட்டில் விதை தெளித்து வளர்த்த இளம் நாற்றைப் பாயாக எடுத்து வைத்தால், இரும்பு நகங்கள் கிள்ளிக் கிள்ளி ஊன்றிக்கொண்டே போகும். வேலைதான் இயந்திரத்துக்காக வளைந்தது.

அறுவடைக்கு வரும் செயின் வண்டி ஈர வயலிலும் இறங்கிவிடும். களத்துமேடு, நெல் தூற்றிய பெண்கள், கதிர் பொறுக்கியவர்கள், மாட்டுக்கான நீள வைக்கோல் எல்லாம் அதன் கணக்கில் விடுபட்டன. இதற்காக விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். தை மாதம், முற்றிய சம்பாக் கதிரின் மேல் மேகம் திரளும்போது, ஆள் கிடைக்காதவர் வேறு என்ன செய்வார்?

செயற்கை நுண்ணறிவு இந்தக் கதையில் ஒரு புதுத் திருப்பம். மோட்டாரின் தாளத்தை முன்கூட்டியே இரும்பில் வெட்டி வைக்க வேண்டும். கற்கும் கணினிக்கோ ஆயிரக்கணக்கான கல்யாண வீடியோக்களைக் காட்டினால், கை உயர்வதையும் தாலி நெருங்குவதையும் அதுவே கண்டுபிடிக்கப் பழகிவிடும். ஆனால் அது முதலில் கைவைப்பது தவில்காரர்மீது இல்லை. மணிவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் பெங்களூரிலிருந்து மடிக்கணினியோடு வரும் மகன்மீது. அவனுடைய வேலை முழுக்க எழுத்தாகவும் எண்ணாகவும் ஏற்கெனவே கணினிக்குள்தான் கிடக்கிறது. சேற்றைக் கணினிக்குள் ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

விடுபட வேண்டியதே விடுபட்ட இடமும் காவிரி டெல்டாவில் உண்டு. 2018இல் கும்பகோணம் நகராட்சி, பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோவைக் கொண்டுவந்தது. இயந்திரக் கை குழிக்குள் இறங்குகிறது. மேலே நிற்பவர் கேமராத் திரையைப் பார்த்து இயக்குகிறார். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு 2013 சட்டம் தடை விதித்த பிறகும் விஷவாயுச் சாவுகள் தொடர்ந்த நாட்டில், இந்த இயந்திரத்தை நான் முழுமனதாக வரவேற்கிறேன். திருவனந்தபுரத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே இதை இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். குழி போனது, பிழைப்பு போகவில்லை.

நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1930இல் எழுதினார். அந்த ஓய்வை மனிதர் எப்படிக் கழிப்பார்கள் என்பதே அவருடைய கவலை. திருக்கடையூரில் மனையில் உட்காரும் அரசு ஊழியருக்கு அந்தக் கவலை பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 முதல் ஓய்வு வயது 60. மணிவிழாவும் ஓய்வும் சேர்ந்தே வருகின்றன. இனி சம்பாதிக்க வேண்டியதில்லை, வாழ்ந்ததற்காகவே பிள்ளைகள் காலில் விழுகிறார்கள். நடவு வேலை போன பெண்ணுக்கும் இயந்திரம் ஓய்வு நேரம் தந்திருக்கிறது, கூலியைப் பிடுங்கிக்கொண்டு. வாழ்வின் பொருள் என்ன என்று அவரிடம் போய்க் கேட்பது கொடுமை.

அவருக்கு வேண்டியது அந்த இயந்திரத்தில் பங்கு. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் தருவதாக ஒன்றிய அரசு 2023இல் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை அறிவித்தது. விலையில் 80 விழுக்காடு, 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு முடிந்தது நடவு இயந்திரத்துக்கும் முடிய வேண்டும். நாற்றின் பருவமும் சேற்றின் பதமும் நடவுப் பெண்களைவிட யாருக்குத் தெரியும்? பாய் நாற்றங்கால் போடும் வேலையும், இயந்திரத்தை ஓட்டும் பயிற்சியும், ஏக்கருக்கு வாங்கும் வாடகையும் நட்டுப் பழகிய அந்தப் பெண்களின் குழுவுக்கே போகட்டும்.