சுரங்கம் மூடிய பின் நிலம் என்ன ஆகிறது?

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. புக்கிட் தீமா, புக்கிட் கோம்பாக் போன்ற இடங்களில் கருங்கல் வெட்டிய பள்ளங்களே நம்மிடம் எஞ்சியுள்ள சுரங்கச் சின்னங்கள். அவற்றில் நீர் தேங்கிற்று. சுற்றிலும் வேலியும் நடைபாதையும் அமைத்தோம். இன்று அவை பூங்காக்கள். பள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததால் காரியம் எளிதாயிற்று. பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டிய இடத்தின் கதை வேறு. அங்கே மேலே புல்லும் மரமும் செழித்திருக்கும்; கீழே வெறும் பொந்தாக இருக்கும்.

அத்தகைய நிலம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. செம்பவாங் கடற்கரையில் நின்றால் ஜோகூர்க் கரை எதிரே தெரிகிறது. அந்தத் தீபகற்பத்தில் வடக்கே, சிலாங்கூர் மாநிலத்தில் பத்து ஆராங் என்னும் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அப்பெயருக்கே நிலக்கரி என்பதுதான் பொருள். ஜே. ஏ. ரஸ்ஸல் முதலியோர் 1913இல் நிறுவிய மலாயன் காலரீஸ் கம்பெனி 1915 முதல் அங்கே நிலக்கரி வெட்டியது. பூமிக்குள் பாதை குடைந்தும் வெட்டினார்கள்; மேலிருந்து திறந்த பள்ளமாகவும் வெட்டினார்கள். மலாயாவின் நீராவி ரயில்கள் அந்தக் கரியால் ஓடின. சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் அங்கே உழைத்தனர். 1937இல் அத்தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் மலாயா முழுவதையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. பின்னர் எண்ணெய் மலிந்தது, டீசல் என்ஜின் வந்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. வெட்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. மற்ற இடங்களில் காடு தானே மண்டிக்கொண்டது.

காடு மண்டியதால் நிலம் மீண்டுவிட்டதா என்பதே கேள்வி.

அதே சிலாங்கூரில் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது எழுந்த இடம் ஈயம் எடுத்துக் கைவிட்ட நிலம். நம்மவர் 'லம்பம்' என்று சொல்வார்களே, அது. சத்தெல்லாம் கழுவப்பட்ட மணலும் காய்கறித் தோட்டங்களுமாய்க் கிடந்த அவ்விடத்தில் 1920களின் பிற்பகுதியிலிருந்து மரம் நட்டு வந்தனர். இன்று 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த வளாகம் மழைக்காடாக நிற்கிறது. 2025இல் யுனெஸ்கோ அந்த வனப் பூங்காவை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கெப்போங்கில் செத்துக் கிடந்தது மேல்மண் மட்டுமே. அடிநிலம் திடமாக இருந்தது. நிலக்கரி நிலத்தில் மேலே உள்ள நோய் ஒன்று, கீழே உள்ள நோய் மற்றொன்று.

முதலில் மேல் நோயைப் பார்ப்போம். நிலக்கரியோடு வெளிவரும் கருங்களிப்பாறையைச் சுரங்க வாயிலருகே குன்றாகக் கொட்டுவது வழக்கம். இந்தக் குன்றில் விதை முளைப்பது அரிது. கரிய நிறம் வெயிலை விழுங்குவதால் நண்பகலில் அதன் மேற்பரப்பு 50 பாகை செல்சியசையும் தாண்டிவிடும், இளநாற்று வெந்துபோகும். இன்னொன்றும் உண்டு. நிலக்கரியோடு பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் கலந்திருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து வேர்களுக்கு நஞ்சாக்குகிறது. சுரங்கத்தில் இறைப்பு யந்திரங்களை நிறுத்தியதும் உள்ளே ஊறி நிறையும் நீரும் இப்படியே கெட்டு, ஓடைகளில் செம்மஞ்சள் படிவமாக வெளிப்படும்.

ஆகவே நாற்றைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை பல. குன்றின் சரிவைத் தணிக்க வேண்டும். நீர் வடிய வழி செய்ய வேண்டும். இதை அலட்சியம் செய்ததன் விலையை வேல்ஸ் நாட்டு அபர்வான் கிராமம் 1966 அக்டோபர் 21ஆம் நாள் கண்டது. ஊற்றின்மேல் கொட்டி வைத்த சுரங்கக் கழிவு நெகிழ்ந்து பள்ளிக்கூடத்தின்மேல் சரிந்தது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். சரிவைத் தணித்த பிறகு குன்றை அழுத்திக் களிமண்ணால் மூட வேண்டும். இல்லையேல் உள்ளே காற்று புகுந்து கரித்தூள் தானே பற்றிக்கொள்ளும். அப்புறம் சுண்ணாம்பு. அதற்கும் மேலேதான் மண்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குப் பழக்கமான ஒரு வித்தை உதவுகிறது. செம்பவாங், நீ சூன் வட்டாரங்கள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே தரையை மூடி அவரை இனக் கொடிகளைப் படரவிடுவது தோட்டத்து வழக்கம். புவேரேரியா, கலப்பகோனியம் ஆகியன அக்கொடிகளின் பெயர்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. கொடி தரைக்கு நிழல் தருகிறது. உதிர்ந்த இலை மக்குகிறது. மழை மண்ணை அரிப்பதில்லை. செத்த நிலத்தை எழுப்புவோர் கையாளுவதும் இதே முறைதான். சிலர் இந்தப் பொறுமை இல்லாமல் நேரே அக்கேஷியா மரத்தை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் காடு போலத் தோன்றும், நிழற்படத்துக்கு ஏற்றது. அதன் நிழலில் வேறு மர இனங்களையும் கொண்டுவந்து சேர்த்தாலன்றி அதைக் காடு என்று சொல்வதற்கில்லை.

இனிக் கீழே உள்ள நோய். நெய்வேலியை எண்ணும் தமிழர்க்கு இது புதிதாகத் தோன்றலாம். அது திறந்த சுரங்கம். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, பள்ளத்தை நிரப்பியபின் திரும்பப் பரப்பலாம். பூமிக்குள் குடைந்த சுரங்கத்தில் கூரை சரியாமலிருக்க நிலக்கரியையே இடையிடையே தூண்களாக விட்டு வைப்பார்கள். நீரும் காற்றும் அரிக்க அரிக்கத் தூண் மெலியும். ஐம்பது ஆண்டோ நூறு ஆண்டோ கழித்து ஒரு நாள் அது நொறுங்கலாம். ஆழமான சுரங்கமாயின் மேலே நிலம் மெல்லத் தாழ்ந்து வயலில் நீர் தேங்கும். ஆழமில்லாததாயின் திடீரென்று குழி வாய் பிளக்கும். விரிசல் வழியே காற்று இறங்கினால் தீயும் பிடிக்கும். ஜார்க்கண்டில் உள்ள ஜாரியாவில் 1916இல் முதலில் காணப்பட்ட நிலத்தடித் தீ ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் அணையவில்லை. அங்குள்ள குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றும் திட்டத்துக்கு இந்திய அரசாங்கம் 2009இல் ஒப்புதல் அளித்தது.

மரத்தின் வேர் இந்தக் குகைக் கூரையைத் தாங்காது. இதற்கு மருந்து சுரங்கம் நடக்கும்போதே கொடுக்க வேண்டியது. தாமோதர் ஆற்று மணலை நீரோடு கலந்து குழாய் வழியே இறக்கி, கரி எடுத்த வெற்றிடத்தை நிரப்பும் முறை வங்காள, பீகார்ச் சுரங்கங்களில் கைக்கொள்ளப்பட்டது. இதற்கென்று 1939இல் சட்டமும் வந்தது. மணல் நிரப்பிய இடத்தில் நிலம் தாழ்வது வெகுவாகக் குறைகிறது. ஆனால் மணலுக்கும் கூலிக்கும் செலவு உண்டு. கரி விற்ற பணம் கையில் இருக்கும்போது செய்யாத முதலாளி, சுரங்கம் மூடிய பிறகு செய்ய வரமாட்டான்.

நிரப்பாமல் விட்ட இடங்களுக்கு ஒரு வழிதான் மிஞ்சுகிறது. பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, அது காட்டும் இடத்தில் துளையிட்டுப் பார்த்து, வெற்றிடம் இருந்தால் சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த குழம்பை அழுத்தி இறக்க வேண்டும். வீடு கட்டுவது அதற்குப் பிறகுதான். கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1872லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் தோண்டிய பலவற்றிற்கு வரைபடமே கிடையாது. அவை எங்கே இருக்கின்றன என்பது இன்றும் சில வேளைகளில் யாருடைய கொல்லையிலாவது குழி விழுந்த பிறகுதான் தெரியவருகிறது.