ராஜகோபால் ஓடிய தூரம்

2010 டிசம்பர் 29 இரவு, புக்கிட் மெர்தாஜாம் மாமாக் கடையில் உட்கார நாற்காலி இல்லை. ஜக்கார்த்தாவில் இந்தோனேசியாவுடன் கால்பந்து இறுதியாட்டத்தின் இரண்டாம் சுற்று. அவர்களின் ஃபிர்மான் உத்தினா அடித்த பெனால்டியை நம் கோல்கீப்பர் கைருல் ஃபஹ்மி தடுத்ததும் பின்னால் நின்றவரின் தே தாரேக் என் சட்டையில் பாதி. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று 2-1 என்று தோற்றோம். ஆனாலும் மொத்தக் கணக்கில் 4-2. சுசூகி கிண்ணம் முதன்முறையாக நம் கையில்!

“பயிற்றுநர் நம்ம ஆளுப்பா” என்று மேசைக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். கே. ராஜகோபால். சிலாங்கூரின் முன்வரிசையில் ஓடியவர். முந்திய ஆண்டுதான் வியந்தியான் சீ விளையாட்டுக் கால்பந்தில் 20 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்திருந்தார்.

அதே இந்தோனேசியாவிடம் டிசம்பர் 1ஆம் தேதி 5-1 என்று அடி வாங்கியதை இப்போது யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் இளசுகளைத்தான் அழைத்துப் போயிருந்தார்; அடி வாங்கிய பிறகும் அவர்களையே நம்பினார். பிறகு, புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டத்தின் முதல் சுற்று. முற்பாதியில் கோல் இல்லை. லேசர் ஒளி ரகளையில் ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, கால் மணி நேரத்துக்குள் மூன்று கோல்.

அதில் முதல் கோலைப் பழைய ஒளிப்பதிவில் தேடிப் பாருங்கள். நம் நோர்ஷாருல் இந்தோனேசியத் தற்காப்புக்காரரை விடாமல் துரத்துகிறார், கோட்டோரத்தில் பந்தைப் பறிக்கிறார், உள்ளே தள்ளுகிறார். சஃபி சாலி அடிக்கிறார். சஃபியின் பெயர்தான் பலகையில் ஏறியது. எனக்கு அந்தத் துரத்தல்தான் கோல். முன்வரிசையில் ஓடிக் களைத்த ஒருவரால்தான் அதன் அருமை தெரிந்து சொல்லிக்கொடுக்க முடியும்.

அந்த மாதிரி ஓட இன்று நம் பையன்களுக்கு இடம் எங்கே? அல்மா பக்கம் தோட்டம் இருந்த காலத்தில் லயத்துக்கு எதிரிலேயே திடல். வெறுங்காலோடு இருட்டும்வரை ஆட்டம்; பந்து கால்வாயில் விழுந்தால் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். இப்போது அங்கே தாமான், கார் நிறுத்துமிடம். பத்து காவானில் ஏறக்குறைய 40,000 பேர் உட்கார்ந்து பார்க்க அரங்கம் இருக்கிறது. ஆடத்தான் ஆள் வேண்டும்.

பையன்கள் ஃபுட்சால் கூடத்துக்குப் போகிறார்கள். அதன் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். திடலோ ஏறக்குறைய 100 மீட்டர். கால் நுணுக்கம் அங்கேதான் வரும் என்கிறார்கள். வரட்டும். நான்கு எட்டில் வலை வந்துவிடும் இடத்தில் எவன் எவனைத் துரத்துவது?

போன வாரம் ஒரு கூடத்து வாசலில் நின்றேன். ஏழெட்டுப் பையன்கள் ஆளுக்கு எட்டு வெள்ளி போட்டார்கள். ஒருவனிடம் ஐந்துதான். “நீ கோல்கீப்பர்டா” என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.