ஊரைச் சொன்ன பேர்கள்

வானமாமலை என்று ஒருவர் தன் பேரைச் சொன்னால், "நாங்குநேரிப் பக்கமா?" என்று உடனே கேட்பார்கள். நம்பி என்றால் திருக்குறுங்குடி. தாணு என்றால் சுசீந்திரம். செண்பகவல்லி என்றால் கோவில்பட்டி, கோமதி என்றால் சங்கரன்கோவில். இசக்கி, சுடலை, பேச்சி என்றால் குலதெய்வமும் தெரிந்துவிடும். நாகூர் மீரானும் ஆரோக்கியசாமியும் அப்படித்தான். ஒருவருக்கு நாகூர் தர்கா, இன்னொருவருக்கு வேளாங்கண்ணி. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் பிறந்தவர்களில் பலருடைய பேரில் ஊரும் சேர்ந்தே இருக்கும்.

அன்றைக்குப் பேர் தேடுகிற வேலையே கிடையாது. மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பேர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பேர். பெண்பிள்ளைகளுக்கு ஆச்சிமார் பேர். அதற்கும் மேல் பிறந்தால் சாமி பேர். பேர் வைக்கிற அன்று அத்தைக்காரி பிள்ளையை மடியில் வாங்கி, சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பாள். பிறகு குனிந்து, காதோடு வாய்வைத்து மூன்று தடவை பேரைச் சொல்லுவாள். சுற்றி நிற்கிற கிழவிகள் "சத்தமாச் சொல்லு" என்பார்கள். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லலாமா? அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறவரைக்கும் அவன் ராசா, ஐயா, பெரியவன்.

பிள்ளை தங்காத வீடுகளில் வேறு கதை. இரண்டு மூன்றைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கினார்கள். மூக்கைக் குத்திவிட்டார்கள். குப்பம்மாள், பிச்சை, மூக்கன் எல்லாம் எமன் கண்ணுக்கு அற்பமாகத் தெரியட்டும் என்று வைத்த பேர்கள். இன்று கேலியாகத் தெரிகிற அந்தப் பேர்களில் ஒரு தாயின் பயமும் பிரியமும் இருக்கிறது. எனக்கு அவை மரியாதைக்குரிய பேர்கள்.

போதும்பொண்ணு என்ற பேர் அப்படிப்பட்டதில்லை. திருத்தணி பக்கத்தில் நாராயணபுரம் என்ற ஊரில், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிப் பெண் குழந்தைகளுக்கு 'வேண்டாம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் வகுப்பில் ஆசிரியர் "வேண்டாம்" என்று கூப்பிட, எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லியே ஒரு பிள்ளை வளர வேண்டும். பழைய வழக்கம் என்பதற்காக இதை மன்னிக்க முடியாது. சாதி செய்த கொடுமையும் இதோடு சேர்ந்ததுதான். ஒடுக்கப்பட்டவர்கள் கௌரவமான பேர் வைத்தால் பொறுக்காத ஊர்கள் இருந்தன. வைத்தாலும் அந்தப் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது போன நூற்றாண்டு. வேதாசலம் தன் பேரை மறைமலையடிகள் ஆக்கிக்கொண்டு 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அதற்கப்புறம் பாண்டியனும் செழியனும் யார் வீட்டிலும் பிறக்கலாம் என்றாயிற்று. ராஜாக்களின் பேரைக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் உரிமையாக்கியதை அந்த இயக்கங்களின் பெரிய கொடை என்றே சொல்வேன். கட்சிக் கூட்டங்களில் கைக்குழந்தையோடு மேடையேறித் தலைவரிடம் பேர் கேட்டு வாங்கினார்கள். லெனின்களும் போஸ்களும் ஊருக்கு ஊர் வந்தார்கள். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபிறகு குந்தவையும் அருள்மொழியும் வீட்டுப் பேர்கள் ஆயின.

அப்புறம் ஷ், ஹ, ஸ் காலம் வந்தது. ஹர்ஷித், தர்ஷிகா, ஹரிணி. சினிமா, தொலைக்காட்சி, வெளிநாட்டு வேலை என்று காரணம் பல உண்டு. அதிகம் பேசப்படாத ஒன்று நட்சத்திர எழுத்து. பூசத்தில் பிறந்த பிள்ளைக்கு ஹூ, ஹே, ஹோ, டா என்றும், அஸ்தத்துக்குப் பூ, ஷ, ண, ட என்றும் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். ட-விலும் ண-விலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ஹ-வோ கிரந்த எழுத்து. அந்த எழுத்துதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் தமிழ்ப் பேருக்கு வழி அடைபட்டுவிடும். இதில் எண்கணிதக்காரரும் சேர்ந்துகொண்டு ஆங்கிலத்தில் இன்னொரு 'ஏ' போடச் சொல்வார். பிள்ளை காலம் முழுக்க அந்த எழுத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்றைக்குக் காற்று திரும்பியிருக்கிறது. யாழினி, ஆதிரை, மகிழினி, இனியன், முகிலன் என்று ஒரு மழலையர் வகுப்பில் கூப்பிடுவதைக் கேட்டால் காது குளிர்கிறது. 2019-இல் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில், பானை ஓட்டில் கீறியிருந்த குவிரன், ஆதன் என்ற பேர்கள் வந்தன. பழங்காலத்தில் ஒருவர் தன் பானையில் எழுதிய ஆதன் என்ற பேர் இன்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் இருக்கிறது.

ஆனால் தேடும் விதம் அடியோடு மாறிவிட்டது. அன்று குடும்பம் முடிவுசெய்து வைத்திருந்ததை இன்று அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். சின்னதாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் குழப்பம் வரக்கூடாது, முக்கியமாக வேறு யாருக்கும் இருக்கக்கூடாது. செல்போனில் பட்டியல் பட்டியலாகப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது என்பதால் அதுவரை தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. எல்லோரும் அதே பட்டியலைப் பார்ப்பதால், யாருக்கும் இல்லை என்று வைத்த பேரில் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இல்லாதது அவரவர் ஊர். வேதாரண்யத்தில் அம்மன் பேர் யாழைப் பழித்த மொழியாள். திருவையாற்றில் அறம்வளர்த்த நாயகி, திருவொற்றியூரில் வடிவுடையம்மை, மதுரையில் அங்கயற்கண்ணி. தமிழாகவும் வேண்டும், அபூர்வமாகவும் வேண்டும் என்று தேடுகிற தகப்பன் தன் ஊர்க் கோயில் வாசலில் அந்தப் பேர்களைத் தாண்டித்தான் போய்வருகிறார். பாட்டி பேராக இருந்ததால் பழசாகத் தெரிகிறதோ என்னவோ. சாமியில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஆறு இருக்கிறது. வைகை, காவேரி என்று வைக்கலாம், பொருநை என்றும் வைக்கலாம். நீளமாக இருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். குற்றாலத்து அம்மன் பேரைச் சான்றிதழில் குழல்வாய்மொழி என்று முழுசாக எழுதிவிட்டு, வீட்டில் குழலி என்று கூப்பிட்டுக்கொள்ளலாம்.