எழுபது கை பட்ட கிண்ணம்

சக்கரம், சங்கு, குடை, மேற்கட்டி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லாத முடிச்சு. நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் செதுக்கியவை போல் தோன்றுகின்றன அல்லவா? இவை சீனப் பீங்கான் கிண்ணங்களில் காணும் எட்டு மங்கலச் சின்னங்கள்! பாரதத்தில் தோன்றிய பௌத்த சமயத்தோடு சீன தேசம் போய்ச் சேர்ந்தவை.

சியன்லுங் சக்கரவர்த்தி (1736-1795) திபெத்திய பௌத்தத்தில் பற்றுள்ளவர். அவர் காலத்தில் ஜிங்டெசன் நகரத்துச் சூளைகள் இத்தகைய கிண்ணங்களை ஏராளமாகச் செய்தன.

வேலை சுலபமல்ல. முதலில் வெள்ளைக் கிண்ணத்தைச் சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுட வேண்டும். பிறகு வர்ணக் கண்ணாடிப் பொடியைக் குழைத்துச் சித்திரம் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மறுபடியும் சுட வேண்டும். இதுவே எனாமல். அதில் மின்னும் ரோஜா நிறம் தங்கத்திலிருந்து பிறப்பது! இரண்டாம் சூட்டில் வெப்பம் மிஞ்சினால் வர்ணம் வழிந்துவிடும்; குறைந்தால் ஒளி வராது. அத்தனை பாடும் வீண்.

1712-ல் இந்த வேலையைப் பற்றிக் கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு பாத்திரம் எழுபது பேர் கைமாறுவதாகச் சொல்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். விளிம்பில் கோடு போடுபவர் ஒருவர். பூ வரைபவர் வேறொருவர். வர்ணம் தீட்டுபவர் மற்றொருவர்.

அரண்மனைக்கென்று செய்த கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். ‘மகா சிங் வம்சத்துச் சியன்லுங் ஆண்டுகளில் செய்தது’ என்று ஆறு சீன எழுத்துகள் இருக்கும். ஏலம் கேட்க வருபவர்கள் தேடுவதும் அந்த முத்திரையைத்தான்.

எழுபது பேரில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.